மடியில் புத்தகமா, கையில் போனா?

அன்புள்ள தாய்மார்களே, தகப்பன்மார்களே, பிள்ளை மடுவத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் சகோதரிகளே!

இந்த முறை நமது பாடம் ஒரு தாய் கேட்ட கேள்வியில் இருந்து தொடங்குகிறது. அப்புத்தளைப் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தபோது, இஸ்தோப்பில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்த அந்தப் பெண் என்னைப் பார்த்துக் கேட்டார்: “சேர், நாங்க அஞ்சாப்போட நின்னவங்க. புள்ளைக்கு என்னத்த வாசிச்சுக் காட்டுறது? போன்ல போட்டுவுட்டா அதுவே ஏ பி சி டி, பாட்டு, கத எல்லாம் சொல்லிக் குடுக்குது. அது நல்லதுதானே?”

நல்ல கேள்வி. நான் உடனே பதில் சொல்லவில்லை. ஏனென்றால் அதே கேள்வியை அதற்குச் சில மாதங்களுக்கு முன்னர் எனது சொந்த ஊரிலும் கேட்டிருந்தேன்.

என் ஊர் பொத்துவில். அம்பாறைக் கரையோரம் இருக்கிறது. கடலும் களப்பும் வயலும் உள்ள ஊர். 90களில் வாத்தியார் வேலை கிடைத்து, பொத்துவிலில் பஸ் ஏறி, சியம்பலாண்டுவை, மொனராகலை, வெல்லவாய, கொஸ்லாந்தை என்று ஒரே ரோட்டில் மலை ஏறி உங்கள் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றுக்குப் படிப்பிக்க வந்தவன் நான். கொழும்பில் இருந்து மட்டக்களப்புக்குப் போகும் ஏ-4 வீதிதான் அது. உங்கள் மலையையும் எங்கள் கடலையும் அந்த ஒரு வீதிதான் கட்டி வைத்திருக்கிறது. அங்கே மழை, இங்கே வெயில். அங்கே கொழுந்து, இங்கே மீன். ஆனால் அந்தியில் பிள்ளையை வைத்துக்கொண்டு படும் பாடு இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பிள்ளைக்குப் போன் கொடுக்கிற தாயைக் குற்றஞ்சாட்டுவதற்காக இந்தப் பாடம் எழுதப்படவில்லை. காலையில் பிரட்டுக்குப் போய், மலையில் நின்று, கொழுந்து நிறுத்து, வீடு வந்து அடுப்பு மூட்டி, தண்ணீர் பிடித்து, துணி அலசி, ரொட்டி தட்டுகிறவளுக்கு இரண்டு கைதான் இருக்கிறது. அந்த நேரத்தில் மூன்று வயதுப் பிள்ளை அடுப்பங்கரையில் ஓடி விளையாடினால் சுட்டுக்கொள்ளும். போனைக் கொடுத்தால் மூலையில் உட்கார்ந்திருக்கும். அதனால் கொடுக்கிறாள். நானும் என் பேரனுக்குக் கொடுத்திருக்கிறேன். ஆனால் போன் பிள்ளையைச் சும்மா உட்கார வைக்கிறதா, அல்லது பிள்ளைக்குப் படிப்பிக்கிறதா என்பது வேறு கேள்வி. அந்தத் தாய் கேட்டது இரண்டாவதைத்தான்.

எங்கள் தெருவில் ஒரு வீடு. அந்த வீட்டுத் தாய் குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருக்கிறாள். தகப்பன் கடல் தொழில். பிள்ளைக்கு மூன்றரை வயது. மூத்தம்மாதான் வளர்க்கிறார் (எங்கள் பக்கம் பாட்டியை மூத்தம்மா என்போம்). தாய் அனுப்பிய காசில் வாங்கிய நல்ல போன் ஒன்று வீட்டில் உண்டு. சாப்பாட்டு நேரம், தூங்கும் நேரம், மூத்தம்மா தொழுகிற நேரம் எல்லாம் பிள்ளையின் கையில் அதுதான். “போன் இல்லாட்டி ஒரு புடி சோறு எறங்குதில்ல மாஸ்டர்” என்று மூத்தம்மா சொன்னார்.

அந்தப் பிள்ளைக்கு நிறங்களின் பெயர் எல்லாம் இங்கிலீசில் தெரியும். ரெட், புளூ, யெல்லோ என்று அழகாகச் சொல்லும். மூத்தம்மாவுக்குப் பெருமை. நான் முற்றத்தில் நின்ற சேவலைக் காட்டி, “அதுட கொண்டை என்ன நிறம் மனே?” என்று கேட்டேன். பிள்ளை என்னைப் பார்த்தது, சேவலைப் பார்த்தது, பேசாமல் போய்விட்டது. “ரெட்” என்ற சொல் அதனிடம் இருந்தது. ஆனால் அந்தச் சொல் திரைக்குள்ளேயே இருந்தது, சேவலின் கொண்டைக்கு வந்து சேரவில்லை. “பசிக்குது”, “மூத்தம்மா எங்க?” என்பது போன்ற சொற்களையும் அது குறைவாகவே பேசியது. வேண்டியதைக் கையால் இழுத்துக் காட்டும்.

இதை வைத்து எல்லாப் பிள்ளைக்கும் போனால்தான் பேச்சு வருவதில்லை என்று நான் சொல்லமாட்டேன். இரண்டு வயது தாண்டியும் “அம்மா வா”, “பால் தா” என்று இரண்டு சொல் சேர்த்துப் பேசாத பிள்ளையைக் கட்டாயம் மருத்துவமாதுவிடம் காட்டுங்கள். காது சரியாகக் கேட்கிறதா என்று பார்க்கவேண்டும். போனைக் குறை சொல்லிக்கொண்டே காதுக் குறையைக் கவனியாமல் விட்டவர்களும் இருக்கிறார்கள்.

*குழந்தை எப்படிச் சொல் பிடிக்கிறது?*

2003ஆம் ஆண்டு அமெரிக்காவில் பட்ரிசியா கூல் என்ற பேராசிரியை தம்மோடு வேலை செய்பவர்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு சோதனை செய்தார். இங்கிலீசு பேசும் வீட்டில் வளர்ந்த ஒன்பது மாதக் குழந்தைகளை எடுத்துக்கொண்டார். சீன மொழி பேசுகிறவர்களை அழைத்து, குழந்தைகளோடு தரையில் உட்கார்ந்து புத்தகம் காட்டி, விளையாட்டுச் சாமான் காட்டிப் பேசச் செய்தார். இப்படி 12 தடவை. வேறு சில குழந்தைகளுக்கு அதே ஆட்கள், அதே பேச்சு, ஆனால் டிவியில். இன்னும் சிலருக்குக் குரல் மட்டும். பிறகு சோதித்தால், நேரில் பேசக் கேட்ட குழந்தைகளுக்குச் சீன மொழியின் ஒலி வேறுபாடு பிடிபட்டிருந்தது. டிவியில் பார்த்ததற்கும் குரல் மட்டும் கேட்டதற்கும் ஒன்றும் ஏறவில்லை. சீனமே கேளாத குழந்தையைப் போலத்தான் இருந்தன.

ஏன் அப்படி? உங்கள் வீட்டிலேயே பார்க்கலாம். குழந்தை “ங்கா” என்றால் நீங்கள் “ஆமாண்டா என் தங்கம், பசிக்குதா?” என்கிறீர்கள். குழந்தை வாசலைப் பார்த்தால் நீங்களும் திரும்பிப் பார்த்து “அப்பா வர்றாரா?” என்கிறீர்கள். அது பார்க்கிற இடத்தைப் பார்த்து, அது நினைக்கிற நேரத்தில் அந்தச் சொல்லைக் கொடுக்கிறீர்கள். டிவிக்கும் போனுக்கும் அது முடியாது. உங்கள் பிள்ளை கூரையைப் பார்த்தாலும், தூங்கிவிட்டாலும், அழுதாலும் அது தன்பாட்டுக்குப் பாடிக்கொண்டே இருக்கும்.

*புத்தகத்தையும் போனையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்*

“சரி, நான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு போனிலேயே கதை காட்டினால்?” என்று நீங்கள் கேட்கலாம். இதையும் பார்த்திருக்கிறார்கள்.

2019இல் வெளிவந்த ஓர் ஆய்வு. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக் குழந்தை வைத்தியர் டிஃபனி மன்சரும் மற்றவர்களும் செய்தது. இரண்டு வயதுப் பிள்ளையும் பெற்றோரில் ஒருவருமாக 37 சோடிகள். ஒவ்வொரு சோடிக்கும் மூன்று விதமான புத்தகம்: ஒன்று அச்சுப் புத்தகம், ஒன்று டெப்பில் சும்மா பக்கம் மட்டும் காட்டும் புத்தகம், இன்னொன்று தொட்டால் சத்தம் போட்டு, படம் அசைகிற புத்தகம். அச்சுப் புத்தகம் கையில் இருந்தபோதுதான் பெற்றோர் அதிகமாகப் பேசினார்கள், பிள்ளையும் அதிகமாகப் பேசியது, இரண்டு பேரும் சேர்ந்து பிடித்துக்கொண்டார்கள். டெப் வந்ததும் பேச்சுக் குறைந்தது. பேசிய பேச்சிலும் “அதை அமுக்காதே” போன்ற சொல் கூடியது.

நமது வீட்டிலும் அதுதானே நடக்கிறது? புத்தகத்தில் ஆட்டுப் படம் வந்தால் நாம் ஆட்டைப் பற்றிப் பேசுகிறோம். போனில் ஆட்டுப் படம் வந்தால் பிள்ளை அதைத் தொடுகிறது, அது “மே” என்கிறது. மறுபடி தொடுகிறது, மறுபடி “மே”. இருபது தடவை “மே”. நாம் சொல்வது: “போதும்டா, அமுக்காத, ஒடஞ்சிரும், சார்ஜ் எறங்கிரும்.” ஆடு எங்கேயோ போய்விட்டது. போனைப் பற்றித்தான் பேச்சு.

இந்த இடத்தில் நியாயமாகப் பேசவேண்டும். நோர்வே நாட்டில் ஸ்டவாங்கர் பல்கலைக்கழகத்து ஆட்கள் இப்படியான 39 ஆய்வுகளை, 1,812 பிள்ளைகளின் கணக்கை, ஒன்றாகச் சேர்த்து 2021இல் வெளியிட்டார்கள். ஒன்று முதல் எட்டு வயதுப் பிள்ளைகள். ஒரே கதையைக் காகிதத்திலும் திரையிலும் பார்த்தபோது காகிதத்தில் பார்த்த பிள்ளைகளுக்குத்தான் கதை கூடுதலாக விளங்கியிருந்தது. ஆனால் கதைக்குப் பொருத்தமாக மட்டும் படம் அசைந்து, கதையை விளங்க வைக்கும்படி நன்றாகச் செய்த திரைப் புத்தகங்கள் காகிதத்தையும் மிஞ்சின. ஆகவே காகிதத்தில் மந்திரம் ஒன்றும் இல்லை. நல்ல செய்கையும் பக்கத்தில் ஒரு பெரிய ஆளும் இருந்தால் திரையும் உதவும். நமது போன்களில் இலவசமாக ஓடுவது அந்த நல்ல வகை அல்ல. ஒரு பாட்டு முடியுமுன் அடுத்ததைத் தள்ளிவிடுகிறது. நடுவில் சோப்பு விளம்பரம், பேய்ப் படம், யாரோ சண்டை பிடிக்கும் படம் எல்லாம் வருகிறது.

காகிதத்தில் மந்திரம் இல்லை என்பதற்கு எங்கள் ஊரிலேயே சாட்சி இருக்கிறது. 2004 டிசம்பர் 26 கடல் வந்து எங்களை அடித்துவிட்டுப் போன பிறகு, பல நாடுகளில் இருந்து பிள்ளைகளுக்கு என்று பெட்டி பெட்டியாகப் புத்தகம் வந்தது. வழுவழுப்பான தாள், நல்ல படம். ஒரு பாடசாலையில் அவற்றை அலுமாரியில் அடுக்கிப் பூட்டினார்கள். பிள்ளைகள் கிழித்துவிடுவார்களாம்! சில வருடம் கழித்து நான் போய்ப் பார்த்தபோது கறையான் வாசித்துக்கொண்டிருந்தது. பூட்டிய புத்தகத்துக்கு யூடியூப்பில் ஓடும் பாட்டே மேல்.

*எழுத்துத் தெரியாவிட்டாலும் வாசிக்கலாம்*

இப்போது அப்புத்தளைத் தாயின் கேள்விக்கு வருகிறேன். “நாங்க என்னத்த வாசிச்சுக் காட்டுறது?”

சின்னப் பிள்ளைக்குப் புத்தகம் வாசிப்பது என்றால் முதல் எழுத்தில் இருந்து கடைசி எழுத்து வரைக்கும் ஒப்பிப்பது என்று நாம் நினைக்கிறோம். அப்படி வாசிக்கும்போது நமது வாய் ஆடுகிறது, பிள்ளையின் வாய் சும்மா இருக்கிறது. 1988இல் அமெரிக்காவில் வைட்ஹர்ஸ்ட் என்ற அறிஞர் இதைத் திருப்பிப் போட்டார். இரண்டு மூன்று வயதுப் பிள்ளைகளின் தாய் தகப்பனுக்கு அவர் பழக்கிக் கொடுத்தது இவ்வளவுதான்: படத்தைக் காட்டிக் கேள் கேட்கவேண்டும், பிள்ளை சொல்லும் வரை பொறுக்கவேண்டும், பிள்ளை சொன்னதோடு இன்னும் ஒன்றிரண்டு சொல் சேர்த்துத் திருப்பிச் சொல்லவேண்டும். ஒரே மாதத்தில் அந்தப் பிள்ளைகளின் பேச்சு, சும்மா வாசித்துக் காட்டப்பட்ட பிள்ளைகளின் பேச்சைவிட முன்னே போய்விட்டது. “அது வசதியான வீட்டுப் பிள்ளைகள்” என்று யாரும் சொல்லக்கூடும். 1992இல் மெக்சிகோவில், ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் இருந்த பகற்காப்பு நிலையத்தில், அதாவது நமது பிள்ளை மடுவம் போன்ற ஓர் இடத்தில், அதே முறையைச் செய்து பார்த்தார்கள். அங்கேயும் பேச்சு வளர்ந்தது.

எப்படிச் செய்வது? ஒரு வீட்டில் நடந்ததை அப்படியே எழுதுகிறேன். தாய்க்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். மடியில் இரண்டே முக்கால் வயதுப் பெண் பிள்ளை. புத்தகத்தில் ஆடு.

“இது என்னா?”

“ஆடு.”

“ஆமா, வெள்ளாடு. என்னா செய்யுது?”

“திங்குது.”

“எலை திங்குது. பச்சை எலை. நம்ம மேட்டு லயத்து ஆடு அன்னைக்கு என்னாத்த தின்னுச்சு?”

பிள்ளை யோசிக்கிறது. தாய் வாயைத் திறக்கவில்லை. நான் மனதுக்குள் ஐந்து வரை எண்ணிவிட்டேன்.

“அம்மா படங்கு!”

“ஆமா! அம்மாவோட படங்கத் தின்னுருச்சு! அம்மா என்னா செஞ்சேன்?”

“வெரட்டுனீங்க. கம்பு எடுத்து. ஆடு ஓடிருச்சு. பாட்டி சிரிச்சாங்க.”

பாருங்கள், “ஆடு” என்ற ஒரு சொல்லில் தொடங்கிய பிள்ளை எங்கே வந்து நிற்கிறது! முன்பு நடந்ததை நினைவுபடுத்தி, வரிசையாக அடுக்கி, நான்கு வசனம் பேசிவிட்டது. நாளைக்கு முதலாம் ஆண்டில் ஆசிரியை கதை சொல்லச் சொன்னால் இந்தப் பிள்ளை எழுந்து நிற்கும். புத்தகத்தில் ஆட்டுக்குக் கீழே என்ன எழுதியிருந்தது என்று தாய் வாசிக்கவே இல்லை. பரவாயில்லை. இந்தக் கேள்வியை எந்தப் போனும் கேட்காது. மேட்டு லயத்து ஆடு படங்கைத் தின்றது அதற்குத் தெரியாது.

இதில் மிகவும் கஷ்டமான வேலை பொறுப்பதுதான். கேள்வி கேட்டவுடன் பதிலையும் நாமே சொல்லிவிடுகிறோம். வாத்தியார்மாருக்கு இந்த வியாதி அதிகம். எனக்கும் இருந்தது. “இது என்ன நிறம், இது எத்தனை” என்று சோதனை வைப்பது போலக் கேட்டுக்கொண்டே போனாலும் பிள்ளை எழுந்து ஓடிவிடும். அது பிழையாகச் சொன்னால் “பிழை” என்று அடிக்காமல், சரியானதைச் சேர்த்துச் சொல்லுங்கள். “மாடு” என்று ஆட்டைக் காட்டினால், “மாடு மாதிரிக் கொம்பு இருக்கு இல்ல? இது ஆடு” என்றால் போதும்.

ஒரே புத்தகத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கிறது என்று சலித்துக்கொள்ளாதீர்கள். முதல் நாள் ஆட்டைப் பார்க்கும், மூன்றாம் நாள் ஆட்டின் கழுத்து மணியைப் பார்க்கும், பத்தாம் நாள் தானே புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு தம்பிப் பாப்பாவுக்கு “வாசித்து”க் காட்டும். தலைகீழாகப் பிடித்திருந்தாலும் சிரிக்காதீர்கள். ஐந்து நிமிடம், பத்து நிமிடம் போதும். தூங்கப் போகுமுன் பாயில் படுத்துக்கொண்டே செய்யலாம். உடம்பு முடியாத நாளில் தகப்பன் செய்யட்டும். (தகப்பன்மார்களே, உங்களையும் சேர்த்துத்தான் மேலே அழைத்திருக்கிறேன்.) பாட்டி செய்யட்டும். பள்ளிக்கூடம் போகும் அக்காவும் செய்யலாம்.

வாசிக்கத் தெரிந்தவர்கள் எழுத்தின் கீழே விரலை வைத்து மெதுவாக நகர்த்துங்கள். எங்கள் ஊரில் ஓதப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகள் ஈர்க்குத் துண்டை எழுத்தில் வைத்து வைத்துத்தான் ஓதப் பழகுகிறார்கள். அது வலமிருந்து இடம், தமிழ் இடமிருந்து வலம், அவ்வளவுதான் வித்தியாசம். பேசுகிற சொல்லுக்கும் தாளில் இருக்கிற கோட்டுக்கும் தொடர்பு உண்டு என்பதை விரல்தான் பிள்ளைக்கு முதலில் சொல்லிக் கொடுக்கிறது.

*புத்தகத்துக்கு எங்கே போவது?*

நியாயமான கேள்வி. 2022இல் காகிதம் இல்லாமல் மேல் மாகாணத்தில் பரீட்சையையே தள்ளிவைத்த நாடு இது. அதற்குப் பிறகு புத்தக விலை ஏறியது ஏறியதுதான். பேரில் பாதியைக் கொடுத்துப் படப் புத்தகம் வாங்குங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. நூலகம் என்றால், 2018இல் பிரதேச சபைச் சட்டம் திருத்தப்படும் வரை தோட்டத்துக்குள் சபை காசு செலவழிக்கச் சட்டமே எளிதில் இடம் கொடுக்கவில்லை. இப்போது அந்தத் தடை இல்லை. பிள்ளை மடுவத்துக்கு மாதம் இருபது சிறுவர் புத்தகம் மாற்றி மாற்றித் தரும்படி உங்கள் சபை உறுப்பினரிடம் கேளுங்கள். ஒக்டோபர் தேசிய வாசிப்பு மாதம், அந்த மாதத்தில் கேட்டால் மறுப்பது அவர்களுக்குக் கொஞ்சம் கஷ்டம்.

நான் உங்கள் பக்கம் படிப்பித்த காலத்தில் லயத்துக் காம்பராச் சுவரில் பழைய பேப்பர் ஒட்டியிருப்பார்கள். குளிருக்கும் கரிக்கும் ஒட்டியது. எனது வகுப்பில் ஒரு பையன் இரண்டாம் ஆண்டிலேயே சரளமாக வாசித்தான். யார் பழக்கியது என்று கேட்டேன். “செவுரு சேர்” என்றான். அவனது தாத்தா இரவில் குப்பி விளக்கைப் பிடித்துக்கொண்டு சினிமாப் படத்தைக் காட்டி “இது யாரு, என்னா போட்டிருக்கு” என்று கேட்பாராம். தாத்தாவுக்கு வாசிக்கத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசை. பேரன் எழுத்துக்கூட்டிச் சொல்லுவான். புத்தகம் இல்லாத வீடு என்று அந்த வீட்டை யார் சொல்ல முடியும்?

ஆகவே கையால் ஒரு புத்தகம் செய்யுங்கள். பழைய கலண்டர் தாளின் வெள்ளைப் பக்கம், பிஸ்கட் பெட்டியில் வெட்டிய படம், கடை விளம்பரத் தாள், பிள்ளையின் சொந்தப் படம், அப்பா அம்மா மலையில் நிற்கும் படம். நான்கு தாளை மடித்து நடுவில் ஊசி நூலால் தைத்தால் பதினாறு பக்கம். ஒரு பக்கத்துக்கு ஒரு படம், கீழே ஒரு சொல். எழுத வராவிட்டால் பிள்ளை மடுவத்து உத்தியோகத்தரிடம் எழுதி வாங்குங்கள். சோற்றுக் கஞ்சி ஒட்டுவதற்குப் போதும், ஆனால் கரப்பான் தின்னும், கொஞ்சம் மஞ்சள் கலந்துகொள்ளுங்கள்.

போனே இங்கே உதவியும் செய்யும். இந்தியாவில் பிரதம் புக்ஸ் என்ற நிறுவனம் 2015இல் ‘ஸ்டோரிவீவர்’ என்று ஒன்று தொடங்கியது. அதில் தமிழிலும் ஏராளமான படக்கதைகள் இலவசமாக இருக்கின்றன. யாரும் எடுத்து அச்சடித்துக்கொள்ளலாம், அனுமதி உண்டு. ஒரு கதையைப் போனில் இறக்கி, டவுனில் ஒரு கடையில் கறுப்பு வெள்ளையில் அடித்து, பிள்ளையையே நிறம் தீட்டச் சொல்லுங்கள். பிள்ளை மடுவத்தில் ஐந்து தாய்மார் சேர்ந்தால் ஆளுக்கு ஒரு கதை, மாற்றிக்கொண்டால் ஐந்து கதை.

*போனை என்ன செய்வது?*

உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்ன கணக்கு இது: இரண்டு வயது ஆகும் வரை உட்கார்ந்து திரை பார்க்க விடவேண்டாம். இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது. பிள்ளை சும்மா உட்கார்ந்திருக்கும் நேரத்தில் பெரியவர்கள் புத்தகம் வாசிப்பதும் கதை சொல்வதும் நல்லது என்றும் அதிலேயே சொல்லியிருக்கிறார்கள். பெரிய பிள்ளைகளுக்கு இது வேறு. 2020 மார்ச்சில் பள்ளிக்கூடம் மூடியபோது போன்தான் வகுப்பறை. 2021இல் பதுளைப் பக்கம் பிள்ளைகள் சிக்னல் தேடிப் பாறை ஏறியதை உலகமே பார்த்தது. அவர்களிடம் போய்ப் போன் கெட்டது என்று யாரும் சொல்லமுடியாது. நான் பேசுவது ஐந்து வயதுக்குக் கீழே உள்ளதைப் பற்றி.

சாப்பாட்டு நேரத்தையும் தூங்கும் நேரத்தையும் முதலில் போனிடம் இருந்து மீட்டு எடுங்கள். முதல் மூன்று நாள் அழும், சோறு குறையும். நான்காம் நாள் பசி வென்றுவிடும். சமைக்கும் நேரத்தில் கொடுக்கத்தான் வேண்டுமென்றால் கொடுங்கள். பிறகு ரொட்டி சாப்பிடும்போது “என்னா பாத்த? நரி என்னா செஞ்சுச்சு?” என்று கேட்டுவிடுங்கள். பார்த்தது பேச்சாக மாறும்.

போனில் ஒரு வேலையை மட்டும் நான் தடுக்கமாட்டேன். தூரத்தில் இருக்கும் தாயோ தகப்பனோ முகம் பார்த்துப் பேசுவது. தோட்டத்திலும் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போன தாய்மார் எத்தனை பேர்! 2014இல் அமெரிக்காவில் இரண்டு, இரண்டரை வயதுப் பிள்ளைகளுக்குப் புதுச் சொல் பழக்கிப் பார்த்தார்கள். முன்பே பதிந்து வைத்த படத்தில் இருந்து பிள்ளை கற்கவில்லை. ஆனால் திரையில் ஓர் ஆள் உயிரோடு, அந்தப் பிள்ளைக்குப் பதில் சொல்லிப் பேசியபோது, நேரில் கற்பது போலவே கற்றது.

இதைப் படித்தபோதுதான் எங்கள் தெருப் பிள்ளையின் ஞாபகம் வந்தது. தாய் குவைத்தில் இருந்து கூப்பிட்டால் அது போனை விட்டு ஓடிவிடும். தாய் “சாப்பிட்டீங்களா? மூத்தம்மாட சொல்லுக் கேக்கீங்களா?” என்று கேட்பாள். பிள்ளைக்கு அதில் என்ன இருக்கிறது? தாய் அழுவாள். மூத்தம்மா அழுவார்.

நான் ஒரே படப் புத்தகத்தில் இரண்டு வாங்கினேன். ஒன்றை அந்தப் பக்கம் வேலைக்குப் போன ஒருவரிடம் கொடுத்தனுப்பினோம். மற்றது மூத்தம்மாவின் கையில். வெள்ளிக்கிழமை பின்னேரம் தாய்க்குக் கொஞ்சம் ஓய்வு. அவள் அங்கே பக்கத்தைத் திருப்ப, இவர்கள் இங்கே திருப்புவார்கள். போனை அரிசிப் பேணியில் சாய்த்து வைத்திருப்பார்கள். “உம்மாட புத்தகத்துல பூனை கட்டிலுக்குக் கீழ ஒளிச்சிருக்கு, உங்கட பூனை எங்க?” என்று தாய் கேட்பாள். முதல் வாரம் பிள்ளை போனைப் பிடுங்கப் பார்த்தது. இரண்டாம் வாரம் டேட்டா முடிந்துவிட்டது. மூன்றாம் வாரம் அந்த வீட்டு எசமானி வேலை வைத்ததால் கூப்பிடவே இல்லை.

நான்காம் வெள்ளிக்கிழமை நானும் திண்ணையில் இருந்தேன். தாய் கேட்டு முடிப்பதற்குள் பிள்ளை பூனையின் மேல் விரலை வைத்து, “இஞ்ச!” என்று கத்தியது. பிறகு தன் புத்தகத்தைத் தூக்கிப் போனுக்கு நேரே பிடித்தது, உம்மாவுக்குத் தெரியவேண்டுமே! மிகவும் கிட்டப் பிடித்ததால் அங்கே தாய்க்கு வெறும் நிறம் மட்டும்தான் தெரிந்திருக்கும். “தெரியுது மனே, தெரியுது” என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.